கரை கடந்த புயல் எங்கே போகிறது?

"புயல் கரையைக் கடந்துவிட்டது."

வானொலியில் இந்தச் செய்தி வந்ததும் பலர் மூச்சு விடுகிறார்கள். ஆபத்து நீங்கியது என்று எண்ணுகிறார்கள். கடலோரத்தில் இல்லாதவர்கள் முதலில் இருந்தே கவலைப்படுவதில்லை. புயல் என்றால் கடற்கரை ஊர்களுக்குத்தான் என்பது அவர்கள் எண்ணம்.

கரையைக் கடந்த புயல் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது தொடர்ந்து நடக்கிறது. ஊர்களின் மேல் நடக்கிறது. வயல்களின் மேல், மலைகளின் மேல் நடக்கிறது.

கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். அதுவும் கடலோர ஊர்தான். ஆனால் அது மேற்குக் கடற்கரை. வங்கக் கடலில் பிறக்கும் புயல் கிழக்குக் கரையில்தான் ஏறும். நாகப்பட்டினத்திற்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நிலம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் குறுக்கே நிற்கிறது. வங்கக் கடல் புயலுக்கு மட்டாஞ்சேரி கடற்கரை ஊர் அல்ல. வெகு தூரம் உள்ளே தள்ளிய ஊர். அங்கேயும் அந்தப் புயல் வந்து சேர்ந்தது.

ஒரே நாளில் 400 கிலோமீட்டர்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம். வங்கக் கடலில் ஒரு புயல் உருவானது. அதற்குக் கஜா என்று பெயர். கஜம் என்றால் யானை. இந்தப் பெயரைக் கொடுத்த நாடு இலங்கை.

நவம்பர் 16ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு தாண்டி 12.30 மணி முதல் 2.30 மணி வரை கஜா கரையைக் கடந்தது. நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசியது.

முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தது. கடலோரத்தில் இருந்து 75,000க்கும் மேற்பட்ட மக்களை அரசு முகாம்களுக்குக் கொண்டுபோனது. இதனால் பல உயிர்கள் தப்பின. ஆனாலும் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கஜா கடலோரத்தோடு நிற்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி, கீரமங்கலம் என்று உள்ளே உள்ளே போனது. போன வழியில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. புதுக்கோட்டை மாவட்டத்தில் கடலே தெரியாத கிராமங்கள் எத்தனையோ உண்டு. அந்தக் கிராமங்களிலும் தென்னை வேரோடு விழுந்தது. பலா விழுந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் விளக்கு எரியவில்லை. கம்பங்களை மீண்டும் நட அண்டை மாநிலங்களில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். கேரள மின்வாரியத் தொழிலாளர்களும் வந்து வேலை செய்தார்கள்.

தென்னை ஒரு நாள் பயிர் அல்ல. நட்டுக் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒரே இரவில் விழுந்த தோப்பு, ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருமானம்.

அன்று பகலில் கஜா திண்டுக்கல் பக்கம் சென்றது. அதற்குள் காற்றின் வேகம் குறைந்துவிட்டது. அது இப்போது புயல் இல்லை, வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான் என்று அறிவித்தார்கள். ஆனால் அந்தத் தாழ்வு மண்டலம் கொண்டுவந்த மழையில் கொடைக்கானல் மலையில் மண் சரிந்தது. தொழிலாளர்கள் 4 பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். கடலில் இருந்து மலை மேல் எவ்வளவு தூரம்! புயலால் சாவு வரும் என்று அங்கே யார் நினைத்திருப்பார்கள்?

மாலைக்குள் கஜா மலையையும் தாண்டியது. மூணாறில் பெருமழை கொட்டியது. பெரியவரை என்ற இடத்தில் தற்காலிகமாகக் கட்டியிருந்த பாலத்தை வெள்ளம் அடித்துப் போனது. பிறகு நடுக்கேரளத்தின் மேல் நகர்ந்து, இரவில் அரபிக் கடலில் இறங்கியது. அங்கே வெதுவெதுப்பான கடல் நீர் கிடைத்ததும் மறுபடியும் கொஞ்சம் வலுப்பெற்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 18 மணி நேரத்தில் 400 கிலோமீட்டர். மணிக்கு 22 கிலோமீட்டர். சைக்கிளை வேகமாக மிதிக்கும் ஆளுக்குச் சமம். காற்று சுற்றும் வேகம் வேறு, புயல் நகரும் வேகம் வேறு. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் பலர். பம்பரத்தைப் பாருங்கள். தன்னைத்தானே வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் தரையில் மெதுவாகத்தான் நகர்கிறது. புயலும் அப்படித்தான்.

புயலுக்கு உணவு எது?

கடல் நீர் சூடாக இருக்க வேண்டும். குறைந்தது 26 அல்லது 27 டிகிரி வெப்பம் வேண்டும். அப்போது நீர் ஆவியாகி மேலே போகிறது. மேலே குளிர்ந்து மேகமாகிறது. ஆவி நீராக மாறும்போது, அதில் அடங்கியிருந்த வெப்பம் வெளியே வருகிறது. அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. கீழே காற்றழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்ப நாலா பக்கமும் இருந்து காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல் வளைந்து சுற்றுகிறது.

ஆக, புயலின் உணவு கடலின் நீராவி. அடுப்புக்கு விறகு போல.

நிலத்தின் மேல் வந்ததும் அந்த விறகு கிடைப்பதில்லை. மரங்களும் கட்டடங்களும் குன்றுகளும் காற்றைத் தடுக்கின்றன. சுழற்சி தளர்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் கீழே போனால் அதைப் புயல் என்று சொல்வதில்லை. தாழ்வு மண்டலம் என்கிறார்கள்.

பெயர்தான் மாறுகிறது. வானத்தில் ஏறிய தண்ணீர் எங்கே போகும்? விறகை இழுத்துவிட்டாலும் உலையில் கொதித்த நீர் சூடாகத்தான் இருக்கும். பல நூறு கிலோமீட்டர் அகலத்திற்கு மேகத்தில் தேங்கிய நீர் அப்படியே இருக்கிறது. அது எங்காவது விழுந்தாக வேண்டும்.

காற்று அடங்கினாலும் மழை அடங்காது

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் என்ற புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கஜாவோடு ஒப்பிட்டால் இது சிறிய புயல். காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். ஆனால் அது நகரவில்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று மழையைக் கொட்டியது. புதுச்சேரியும் விழுப்புரமும் வெள்ளக்காடாயின. அதன் பிறகு மெல்ல மேற்கே நகர்ந்தது.

டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்த வீட்டின் மேல் மண்ணும் பாறையும் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை கடலில் இருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வறண்ட பக்கம். அங்கே 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. தென்பெண்ணை ஆற்றில் பெருவெள்ளம் வந்தது.

50 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? கேட்கும்போது சிறிதாகத் தெரிகிறது. முழங்கால் உயரம்தானே என்று தோன்றும். மழைக்கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 50 சென்டிமீட்டர் என்பது 500 மில்லிமீட்டர். ஆக ஒரு சதுர மீட்டருக்கு 500 லிட்டர். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஒரு சென்டில் விழும் நீர் 20,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 1,300 குடத்திற்கு மேல். ஒரு சென்டுக்கு மட்டும் இவ்வளவு! ஊர் முழுவதும் விழுந்த நீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். பள்ளத்தில் இருப்பது ஏழைகளின் வீடு.

வேகமான புயல் சீக்கிரம் போய்விடும். மெதுவான புயல்தான் நின்று நனைக்கும். காற்றின் வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு இது சின்னப் புயல் என்று முடிவு செய்வது தவறு.

கடலே இல்லாத டில்லிக்கும் புயல் மழை போயிருக்கிறது. 2021ஆம் ஆண்டு மே மாதம் அரபிக் கடலில் டவ்தே என்ற புயல் கிளம்பியது. பெயரை வைத்தது மியான்மர் நாடு. பல்லி வகை ஒன்றின் பெயராம். கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் கடல் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. புயல் வடக்கே போய் மே 17ஆம் தேதி குஜராத்தில் கரையேறியது. அங்கிருந்து டில்லி ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். மே 19ஆம் தேதி டில்லியில் விடாமல் மழை. மறுநாள் காலை வரை 119.3 மில்லிமீட்டர். மே மாதத்தில் டில்லியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அன்று 23.8 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. வடமேற்கில் இருந்து வந்த வேறொரு காற்றோட்டமும் புயலின் ஈரத்தோடு சேர்ந்துகொண்டதுதான் காரணம்.

அமெரிக்காவில் புயலை ஹரிக்கேன் என்கிறார்கள். 2024 செப்டம்பர் 26ஆம் தேதி ஹெலீன் என்ற ஹரிக்கேன் ஃபுளோரிடாவில் கரையேறியது. அங்கிருந்து 600 கிலோமீட்டர் வடக்கே மலைநாட்டில் ஆஷ்வில் என்ற நகரம் இருக்கிறது. புயல் வருவதற்கு முன்பே அங்கே மழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது. அதன் மேல் புயல் மழையும் விழுந்தது. ஆறுகள் பொங்கின. மலைகள் சரிந்தன. அந்த மாநிலத்தில் மட்டும் 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செல்வ நாடு, எல்லா வசதியும் உள்ள நாடு. அங்கேயும் இப்படி நடந்தது.

மலை தடுக்குமா?

மலை இருக்கிறது, புயலைத் தடுத்துவிடும் என்று கேரளத்தில் சிலர் சொல்வது உண்டு. பாதி உண்மை. காற்றை மலை உடைக்கிறது. ஆனால் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது. குளிர்ந்தால் மழை. ஆகவே மலை புயலின் காற்றைக் குறைத்து, மழையைக் கூட்டுகிறது. பாலக்காட்டில் மலைக்கு நடுவே 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான இடைவெளி உண்டு. காற்று அந்த வாசல் வழியாகவும் நுழையும்.

மலையில் பெய்த மழை மலையிலேயே இருப்பதில்லை. மூணாறில் விழும் நீர் முதிரப்புழையில் ஓடி, பெரியாற்றில் சேர்கிறது. பெரியாறு ஆலுவாவுக்கு வருகிறது. அங்கே பிரிந்து, ஒரு கிளை வராப்புழை வழியாகக் கொச்சிக் காயலை அடைகிறது. மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு முன்னால் கலங்கலாக ஓடும் நீரில் இடுக்கியின் மண் இருக்கிறது.

மட்டாஞ்சேரி தாழ்ந்த பூமி. கடல் ஏறும்போது காயலும் ஏறும். இதை அங்கே வேலியேற்றம் என்கிறார்கள். ஏற்றம் இருக்கும் நேரத்தில் மழைநீர் வடிய வழி இல்லை. ராமேஸ்வரம் கால்வாய், கல்வத்திக் கால்வாய் போன்றவற்றில் குப்பை அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். மேலே இருந்து மழை, கிழக்கே இருந்து ஆறு, மேற்கே இருந்து கடல். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் சந்துகளில் உள்ள வீடுகளில் தண்ணீர் ஏறும். தண்ணீர் வடிந்த பின் கழிவும் சேறும் தங்கும். வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் அதற்குப் பின்தான் வரும்.

இதில் கூலிக்காரர்களுக்குப் போவது நாள்கூலி. பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிடங்குகள் உள்ளன. மூட்டை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். மூட்டை வராவிட்டால் சுமை தூக்குபவருக்கு வேலை இல்லை. புடைத்துத் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் வேலை இல்லை. மலையில் மரம் விழுந்து மிளகுக்கொடி அழிந்தால் அந்த ஆண்டு முழுவதும் வரத்து குறையும். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி வேலியில் டோபிகானா இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து வந்த சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே வேலை செய்கின்றன. துவைத்த துணி காய்வது வெயிலில்தான். கிழக்கே எங்கோ புயல் என்றால், இங்கே நான்கு நாள் கொடியில் துணி போட முடியாது.

தோப்பும்படித் துறைமுகத்தில் இருந்து கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களும் ஆழ்கடலுக்குப் போகிறார்கள். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்தது. எச்சரிக்கை வரும் முன்பே கடலுக்குப் போய்விட்டவர்கள் பலர். அந்தப் புயலில் நூற்றுக்கணக்கான மீனவர்களைத் தமிழ்நாடும் கேரளமும் இழந்தன.

திருச்சியில் அன்று

கஜாவுக்கு முன்பும் இதே பாதையில் புயல் வந்திருக்கிறது. 1977 நவம்பர் 12ஆம் தேதி காலை நாகப்பட்டினத்திற்குத் தெற்கே ஒரு புயல் கரையேறியது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. திருச்சி கடலில் இருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. 560 பேர் இறந்தார்கள். 10 லட்சம் பேர் வீடிழந்தார்கள். 23,000 மாடுகள் செத்தன. மறுநாள் காலை அது கேரளக் கரையைத் தாண்டி அரபிக் கடலுக்குப் போய்விட்டது.

அந்த நாளைப் பார்த்த திருச்சிக்காரர் ஒருவர் பின்னாளில் மட்டாஞ்சேரியில் குடியேறியதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேத்தியோடு பேசுகிறார்.

"தாத்தா, புயல் நாகப்பட்டினத்துல கரையேறிடுச்சாம். இனி பயமில்லை."

"யாரு சொன்னது அம்மாடி? அன்னிக்கும் இப்படித்தான் நெனச்சோம். கடல் எங்கே, திருச்சி எங்கேன்னு. ஓட்டு வீடு எல்லாம் பறந்துபோச்சு. காத்து நின்னப்புறம்தான் தண்ணி வந்துச்சு."

"காத்து நின்னப்புறமா?"

"ஆமா. வாய்க்கால் உடைச்சுக்கிட்டு வந்துச்சு. முடிஞ்சுதுன்னு பாயை விரிச்சவன்தான் மாட்டிக்கிட்டான். நீ போயி மாடியில இருக்கிற தகரத்தைக் கட்டு. அரிசி, ரேஷன் கார்டு எல்லாம் பரண்மேல வை."

"அப்ப எப்பதான் தாத்தா முடியும்?"

"ரேடியோவுல மழை நின்னுச்சுன்னு சொல்லி, ஆத்துல தண்ணியும் இறங்கணும். ரெண்டும் ஆகணும்."

அறிவிப்பைக் கேட்பது எப்படி?

இந்திய வானிலைத் துறை புயலுக்கு நான்கு கட்டமாக அறிவிப்புத் தருகிறது. முதலில் புயல் உருவாகலாம் என்ற முன்னறிவிப்பு. அடுத்து, மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது ஓர் எச்சரிக்கை. 24 மணி நேரம் இருக்கும்போது இன்னொன்று. நான்காவது அறிவிப்பைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது கரை கடப்பதற்கு 12 மணி நேரம் முன்பு வருகிறது. கரையேறிய பின் புயல் எந்த வழியில் போகும், உள் மாவட்டங்களில் என்ன ஆகும் என்பதை அது சொல்கிறது. உள்நாட்டு மக்களுக்கு உரிய அறிவிப்பு இதுதான்.

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர்கள் இதை மலையாளத்தில் கேட்க வேண்டியிருக்கும். புயலை மலையாளத்தில் சுழலிக்காற்று என்பார்கள். காற்றழுத்தத் தாழ்வு என்பது நியூனமர்த்தம். சுழலிக்காற்று நியூனமர்த்தமாக மாறியது என்று சொன்னால், காற்று குறைந்துவிட்டது என்று பொருள். மழை குறைந்தது என்று பொருள் அல்ல.

நிறங்களும் உண்டு. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரக்கூடும் என்றால் சிவப்பு கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திற்கும் தனித்தனி நிறம். எர்ணாகுளத்திற்கு மஞ்சள், இடுக்கிக்குச் சிவப்பு என்று வந்தால் எர்ணாகுளத்தார் சும்மா இருந்துவிடக் கூடாது. இடுக்கியின் தண்ணீர் எங்கே வரும் என்பது மேலே சொல்லப்பட்டது.

காற்று ஓய்ந்ததும் வெளியே ஓடி வருவதால் இறந்தவர்கள் உண்டு. அறுந்து கிடக்கும் மின்கம்பியில் மின்சாரம் இருக்கலாம். தேங்கிய நீருக்குள் கம்பி கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊறிய மண்ணில் நிற்கும் மரம் காற்றே இல்லாமலும் சாயும். மலைச்சரிவில் இருப்பவர்கள் சுவரில் புதிய வெடிப்பு, திடீரென்று கலங்கும் ஊற்றுநீர், சாயத் தொடங்கும் மரம் இவற்றைப் பார்த்தால் அந்த இரவு அங்கே படுக்கக் கூடாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் சொல்லலாம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊருக்கும் வங்கக் கடலுக்கும் எவ்வளவு தூரம்? மணிக்கு 20 கிலோமீட்டர் நகரும் புயல் எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்?

2. உங்கள் ஊரில் மழைநீர் எந்த வழியாக வடிகிறது? அந்த வழி இப்போது திறந்திருக்கிறதா?

3. உங்கள் வீடு 5 சென்ட் நிலத்தில் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழும் தண்ணீர் எத்தனை லிட்டர்?

4. ஊரில் உள்ள முதியவர்களிடம் கேளுங்கள். கடைசியாக எந்தப் புயலின் மழை இங்கே வந்தது? தண்ணீர் எதுவரை ஏறியது? அந்த இடத்தில் சுவரில் ஒரு கோடு போட்டு, ஆண்டையும் எழுதி வையுங்கள்.